ட்ரம்பெட்டின் எதிர்ப்பக்கம்

பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்றுதான் மாசிலாமணி முதலில் நினைத்தார். பிரித்தால் வாங்கிக்கொண்டதாக ஆகும். வாங்கிக்கொண்டால் நாளைக்குச் சங்கக் கூட்டத்தில் எவனாவது எழுந்து, மாஸ்டரே சற்குணம் வீட்டுப் பொருளுக்குக் கை நீட்டினார் என்பான். அதைச் சொல்ல ஆளா இல்லை, அற்புதராஜ் ஒருவன் போதும், அவனுக்குக் கிளாரினெட்டைவிட நாக்கு நீளம். கட்டிலின் மேல் அது கிடந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, தோசைக்கல் அகலத்துக்கு வட்டமாக, தட்டையாக. இசைத்தட்டு என்று கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது, அந்தக் கனமும் அந்தக் குளிர்ச்சியும் வேறு எதற்கு இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை. கீழே மீரான் பாயின் மைக்செட் கடை வாசலில் பன்னிரண்டு பேர் வாத்தியப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு அவர் இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெட்டியைத் திறக்கலாம், அல்லது திறக்கக் கூடாது. நாலு மணிக்குக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் எட்வின் சற்குணத்தைப் புதைக்கிறார்கள். பேண்டு வாத்தியத் தொழிலாளர் சங்கத்து ஆள் எவன் செத்தாலும் சங்கம் திரண்டு போய், கல்லறை வாசலிலிருந்து குழிமேடு வரைக்கும் ஊதிக்கொண்டே கூட நடக்கும். வாழ்நாளெல்லாம் பணக்காரன் கல்யாணத்துக்கும் பணக்காரன் சாவுக்கும் ஊதினவனுக்கு அவனுக்கென்று ஊதப்படுகிற ஒரே வாத்தியம் அதுதான். சங்கம் விலக்கிய ஆளுக்கு அது இல்லை. ஆட்கள் போகலாம், நிற்கலாம், மண் போடலாம், பெட்டி மட்டும் திறக்காது. கருங்காலிக்குக் கடைசி வாத்தியம் கிடையாது. நாற்பத்தாறில் சூளையில் ஒரு அச்சகத்தில் துண்டுப் பிரசுரமாகப் போட்டு, ஓட்டல் ஓட்டலாக, சர்ச் சர்ச்சாகக் கொடுத்த விதி அது. எழுதியது அவர். அதன்படி விலக்கப்பட்டவர் பட்டியலில் முப்பது வருடமாக ஒரே ஒரு பெயர். எழுதியதும் அவர்.

சற்குணத்தின் மகள் சலோமி பன்னிரண்டு மணிக்கு வந்தாள். அழுதிருக்கவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. சாவு வீட்டிலிருந்து அழாமல் வருகிறவர்கள் ஏதோ தீர்மானித்துக்கொண்டுதான் வருகிறார்கள். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. "என்னம்மா வேணும்?" என்றார். "ஒண்ணும் வேணாம் அங்கிள். அப்பா இதக் குடுக்கச் சொன்னாரு. நான் போனப்புறம் குடு, போட்டுக் கேக்கச் சொல்லுன்னாரு. அவ்ளோதான்." "என்ன இருக்குது இதுல?" "தெரியாது அங்கிள். நான் டீச்சர் டிரெய்னிங் படிக்கிறப்ப மூர் மார்க்கெட்ல வாங்கியாந்தாரு. போட்டுக் கேட்டுட்டு ஒரே சிரிப்பு. அம்மா பயந்துட்டாங்க. அப்புறம் அலமாரில வச்சுப் பூட்டிட்டாரு." "சிரிச்சானா?" "சிரிச்சாரு." அவர் வேண்டுமென்றே சிரிச்சான் என்றதையும் அவள் சிரிச்சாரு என்று திருத்தியதையும் இருவரும் கவனித்தார்கள். படி இறங்கும்போது திரும்பினாள். "வாத்தியம் வரும்னு அப்பா எதிர்பார்க்கல. அம்மாதான் கேட்டுட்டு வான்னாங்க, நான் கேக்க மாட்டேன்னுட்டேன்." பிறகு, வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல, "காலைல வாய்க்கட்டு போடறப்ப அப்பாவோட கட்டுப்பல்ல எடுத்துக் கைல குடுத்தாங்க. முன்பல்லு. இது ஸ்டிரைக் அன்னைக்குப் புடுங்கினது, மாசிகிட்ட சொல்லிடாதம்பாரு எப்பவும். தமாஷ்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றாள்.

பல். நன்றாக ஜோடித்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கேட்க மாட்டேன் என்று சொல்லியே கேட்டுவிட்டுப் போகிறாள், அப்பன் புத்தி. முப்பது வருடம் வாயைத் திறக்காதவன் செத்த பிறகு பல்லைக் காட்டுகிறான். தட்டு எதற்கு என்றும் விளங்காமல் இல்லை. ஏதாவது அழுகைப் பாட்டாக இருக்கும், சர்ச் பாட்டாக இருக்கும், கிழவன் மனசு இளகட்டும் என்று. அற்புதராஜுக்கு இதில் பங்கு உண்டா? இருக்கும். சங்கத்து விதியை ஒரு தரம் உடைத்துக் காட்டிவிட்டால் விதிக்காரனையும் உடைத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. காலையிலிருந்து மாஸ்டர், மாஸ்டர் என்று அவன் குழைவதே சரியில்லை. மீரான் பாயும் இன்றைக்கு டீ வாங்கி மேலே அனுப்பினார், என்றைக்கும் இல்லாமல். டீயில் சர்க்கரை அதிகம். ஒவ்வொருவனும் இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கிறான். முதலாளி எப்போதும் அடித்துக் கெடுப்பதில்லை, இனிப்பு கொடுத்தும் கெடுப்பான். இதை அவர் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறார், எத்தனை முகம் தலையாட்டியிருக்கிறது, அந்த முகங்களில் ஒன்று சற்குணத்துடையது, கூட்டத்துக்கு முன்னாலேயே வந்து பெஞ்சு எடுத்துப் போடுகிறவன், அதுவே அப்போது சந்தேகப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.

அவனைச் சந்தேகப்படாமலும் இருந்ததில்லை. நாற்பத்துமூன்றில் டிமெல்லோ, ஓட்டல் பேண்டு மாஸ்டர், கோவாக்காரர், ஒரு மிஷன் பள்ளிக்கூட பேண்டிலிருந்து அவனைப் பிடித்துக்கொண்டு வந்து, "மாசி, செகண்ட் ட்ரம்பெட், ஒன் பக்கத்துல ஒக்கார வச்சுக்க" என்று சொன்ன நாளிலிருந்தே. அப்போது அந்தக் கடற்கரை ஓட்டலில் மாசிலாமணிக்கு மாசிலாமணி என்று பெயர் இல்லை. வாசல் பலகையில் மார்ட்டி மேசன். பெரம்பூர் ரயில்வே பட்டறை ஃபிட்டர் மகன், பட்டறை பேண்டில் கார்னெட் என்ற குட்டை ட்ரம்பெட் ஊதக் கற்றவன், துரைசானிகள் ஆடுவதற்காக மார்ட்டி மேசன் ஆனான். மாசிலாமணி என்று போட்டால் காலை எடுத்து வைக்க மாட்டார்களாம். எட்டு வரிசை ஊதுவார், வாத்தியத்தை இறக்கிவிட்டுப் பாடுவார், மறுபடி ஊதுவார்; சென்னைப்பட்டணத்தில் இரண்டையும் செய்ய வேறு ஆள் இல்லை. சண்டைக்காலத்தில் அமெரிக்கப் பட்டாளத்துக் கறுப்பு சோல்ஜர் ஒருவன், கொல்லைப்புறமாக வந்து சமையற்கட்டு வழியே பாட்டுக் கேட்டவன், அவனுக்கும் முன்வாசல் கிடையாது, கையைப் பிடித்துக்கொண்டு, நீ எந்த மாகாணத்துப் பையன் என்று கேட்டான். பெரம்பூர் என்றார். தெற்கா என்றான். இல்லை, வடக்கு, சென்ட்ரலுக்கு வடக்கே என்றார். அவன் யோசித்துவிட்டு, அங்கே தன் மாமன் ஒருவன் இருப்பதாகச் சொன்னான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது அன்றைக்கு, சற்குணத்துக்கும்தான், சுவரில் சாய்ந்து நின்று சிரித்தான், முன்பல் இரண்டும் தெரிய. இரண்டும். அப்போது இரண்டும் இருந்தன. அது நாற்பத்துநாலு. அதனால் என்ன.

ஊதும்போது அவர் வலது கைமேல் ஒரு கைக்குட்டை போட்டுக்கொள்வார். விரல் எந்தக் கட்டையை எப்போது அழுத்துகிறது என்று பக்கத்தில் இருப்பவன் பார்க்கக் கூடாது. டிமெல்லோ கேலி செய்வார், "என்னப்பா, கைக்கு முக்காடா?" என்று. சற்குணம் கேலி செய்யவில்லை. கைக்குட்டையைப் பார்க்கவே இல்லை. அதுதான் திருட்டு முழி. ஆறு மாதத்தில் விரல் தெரியாமலே காதால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். மேல் சுரத்துக்கு நேராகப் போய் நிற்காமல் கீழேயிருந்து வழுக்கி ஏறுவது, வரிசை முடிவதற்கு அரை தாளம் முன்னால் மூச்சைத் திருடுவது, திருடின மூச்சின் விக்கல் கேட்கிற மாதிரி விட்டுவிடுவது. பக்கத்து நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்து அந்த விக்கலைக் கேட்டார். கண்ணைக் கட்டிவிட்டு ஆயிரம் ட்ரம்பெட்டுக்கு நடுவில் கேட்கச் சொன்னாலும் இது சற்குணம் என்று சொல்லிவிடுவார். சொன்னாரே. கண்ணைக் கட்டாமலே, மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அறுபது பேர் முன்னால் சொன்னாரே.

நாற்பத்தாறு. அந்த வருடம் ஊரில் வேலைநிறுத்தம் செய்யாதவன் இல்லை. பேண்டுக்காரன் கேட்டது இரண்டே இரண்டு. முன்வாசல் வழியாக வருவோம், உட்கார்ந்து சாப்பிடுவோம். சாம்பார் வாளிப் பக்கத்தில் நின்றுகொண்டு தின்கிறவன் மேடையில் கழுத்தில் போ டை கட்டிக்கொண்டு பாடுகிற கேவலம் போதும் என்று பிரசுரத்தில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி, துரைமார் டீ குடித்துவிட்டு ஆடுகிற டீ டான்ஸ். நாலு மணிக்கே மதில் சுவருக்கு வெளியே ரோட்டில் நின்றார்கள், ஏழு ஓட்டல் பேண்டுக்காரர்களும். டிமெல்லோகூட நின்றார். சற்குணம் வரவில்லை. பரங்கிமலைப் பட்டாளத்திலிருந்து டிரம்மும் பியானோவும் அடிக்க ஆள் வந்திருக்கிறது என்று சமையற்கட்டிலிருந்து தகவல் வந்தது. வரட்டும், ட்ரம்பெட் இல்லாமல் எவள் ஆடுவாள் என்று சிரித்தார். ஐந்தேகாலுக்கு உள்ளே ஆரம்பித்தது. டிரம்மும் பியானோவும் சுவருக்குள்ளேயே அமுங்கிப்போய் மங்கலாகக் கேட்டன; அவற்றின் மேலே, புல்வெளியில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் கூம்பு வழியாக, ஒரு ட்ரம்பெட். கீழேயிருந்து வழுக்கி ஏறி, மேலே நின்று, அரை தாளம் முன்னால் மூச்சைத் திருடி, விக்கி. ரோட்டில் இருந்த அறுபது பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "சற்குணம்" என்றார். ஒருவனும் மறுக்கவில்லை. அவர் சொன்னால் மறுக்கிறவன் யார். டிமெல்லோ மட்டும் ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டார். அவர் ஏன் வாயை மூடினார் என்று முப்பது வருடம் நினைத்ததில்லை. இப்போது ஏன் நினைக்கிறது? அன்று சாயங்காலமே பாதிப்பேர் கலைந்தார்கள், மறுநாள் மீதிப்பேர் கொல்லைப்புறமாக வேலைக்குப் போனார்கள். விசாரணைக்குச் சற்குணம் வந்தான். வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். எங்கே இருந்தே? பேசவில்லை. எவன் கூப்பிட்டான்? தலையை ஆட்டினான். வெட்கமடா, வாயை மூடிக்கொள்ளாமல் என்ன செய்வாய் என்றார் அவர். நல்ல வாக்கியம். பிரசுரத்திலும் போட்டார்.

மணி இரண்டே முக்கால். பல் பிடுங்கினவன் வாயில் துணி வைத்துக்கொள்வான். சரி, வைத்துக்கொள்வான். பல் பிடுங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போவதுதானே? இந்தக் கேள்வியில் அவருடைய மனம் வழக்கம்போல ஓடிவந்து வழக்கமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. சொல்லியிருக்க மாட்டான். ட்ரம்பெட்காரன் எவனும் சொல்ல மாட்டான். முன்பல் போனவன் உதட்டை எதன்மேல் வைத்து ஊதுவான்? அவன் கதை முடிந்தது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்காலியில் வேறு ஆள். அவரே ஐம்பத்தெட்டில் கோடம்பாக்கத்தில், கிளப் டான்ஸ் காட்சிகளுக்கு ஊதிக்கொண்டிருந்த நாளில், ஆடின பல்லை நாக்கால் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் ஊதவில்லையா, கட்டுப்பல் வைத்து உதடு பழகுகிறவரை டைபாய்டு என்று பொய் சொல்லவில்லையா. அறுபது ட்ரம்பெட்காரனும் சாக்சபோன்காரனும் உட்கார்ந்திருக்கிற சபையில் எழுந்து, எனக்கு முன்பல் இல்லை என்று சொல்வதற்கு, கருங்காலி என்ற பெயரே தேவலை என்று நினைத்திருப்பானோ? இல்லை. இதெல்லாம் அந்தப் பெண் படியில் நின்று போட்டுவிட்டுப்போன முடிச்சு. காது பொய் சொல்லாது. பல் இல்லாதவன் ஊத முடியாது, ஆனால் ஊதியதைத் தன் காதால் கேட்டார், ஆகையால் பல் இருந்தது. அவ்வளவுதான். போட்டுத்தான் பார்ப்போமே. போட்டுக் கேட்டுவிட்டு எல்லார் எதிரிலும் திருப்பிக் கொடுத்தால் போயிற்று. சணலை அவிழ்க்காமலே எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

"பாய், எழுபத்தெட்டு சுத்து ஓடுற பழைய தட்டு ஓடுமா உங்ககிட்ட?" மீரான் பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். "ஓடாம என்ன மாஸ்டர், நமக்கு வயசான மெஷின்தான் விசுவாசம்." பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். "ஒக்காருங்க, மணி ஆகல" என்றார். கடைக்குள் அவர்களோடு நெருக்கி நிற்க மனமில்லை. எவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தள்ளி நின்றால்தான் தெரியும். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க டீக்கடைப் பந்தலில் நின்றுகொண்டார். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய கூம்பு ஒன்று கடை வாசலில் ஸ்டூல்மேல் அவரைப் பார்த்தபடி இருந்தது. பாய் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டைப் போட்டு, சத்தத்தை அந்தக் கூம்பிலேயே கொடுத்துவிட்டார். முதலில் கடலை பொரிகிற மாதிரி சத்தம். அடியில் மங்கலாக டிரம், பியானோ. பிறகு ட்ரம்பெட். கீழேயிருந்து வழுக்கி ஏறியது. மேலே நின்றது. அரை தாளம் முன்னால் மூச்சைத் திருடியது. விக்கியது. மாசிலாமணிக்குக் காது மடல் சூடாகி, முப்பது வருடத்து ரத்தம் ஏறி, மாட்டினாயடா என்று ஒரு சந்தோஷம் வந்தது, தன் குரலையே கேட்டார், "சற்குணம். அவன்தான். கேட்டுக்கங்கடா எல்லாரும், இதே ஊதல், அன்னைக்கு நான் கேட்டது இதே." ரோட்டுக்கு அந்தப் பக்கம் அற்புதராஜ், "அவரா மாஸ்டர்? அம்மாடி, என்ன கை" என்றான். தட்டு முடிந்தது. பாய் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "கம்பெனிச் சீட்டு இல்ல மாஸ்டர், வெள்ளைத் தாள். இங்கிலீஷ்ல கையால எழுதிருக்குது. கல்கத்தா, நாப்பத்திரண்டு. ட்ரம்பெட், மார்ட்டி மேசன்." நிமிர்ந்தார். "யாரு மாஸ்டர் இந்த மேசன், சட்டைக்காரரா, ஆங்கிலோ இந்தியரா?"

ஒரு தண்ணீர் லாரி இருவருக்கும் நடுவே போயிற்று. லாரி போகிற வரைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்திரண்டில் சற்குணம் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். கல்கத்தாவைக் கண்ணால் பார்த்ததில்லை. கல்கத்தாவுக்குப் போனது டிமெல்லோவும் அவரும் இன்னும் நாலு பேரும். மூன்று பக்கம் பதிந்தார்கள். இரண்டு பக்கத்தில் அவர் பாட்டு, வாத்தியத்துக்கு மூடி போட்டுக் கொஞ்சமாக ஊதினது. மூன்றாவது முழுக்க ட்ரம்பெட், அதைப் பதிந்த மெழுகு அச்சு வெடித்துவிட்டது என்றார் டிமெல்லோ. வெடிக்கவில்லை. ஒரே ஒரு தட்டு அடித்து வாங்கிக்கொண்டு வந்து ஓட்டல் துரைக்குக் கொடுத்திருக்கிறார், காக்காய் பிடிக்க. டீ டான்ஸ் அன்றைக்கு ஓட்டல் கூம்பில் ஓடியது இதே தட்டு, அதனால்தான் மதில் சுவருக்கு வெளியே டிமெல்லோ வாயைத் திறந்து மூடினார். அந்த இரண்டு பக்கத்தை டிமெல்லோ வீட்டில் போட்ட அன்றைக்கு, தன் பாட்டைக் கேட்டு, "யாரு இவன், மூக்கால பாடுறான்" என்று கேட்டது யார்? வீடே சிரித்தது. குரல் மாறித்தான் கேட்கும் மாசி, உனக்கு உன் குரல் எலும்பு வழியாகக் கேட்கிறது என்று டிமெல்லோ சொன்னார். ட்ரம்பெட்டும் அப்படித்தானே. பல் வழியாக, தாடை வழியாக. ட்ரம்பெட்டின் கூம்புக்குப் பின்னால் நிற்கிறவன் ஊதுகிறவன் ஒருவன்தான். எதிர்ப்பக்கத்தில் என்ன கேட்கிறது என்று ஊர் முழுக்கத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் சற்குணம் ஊதினதை மூன்று வருடம் கேட்டு அது சற்குணத்தின் ஊதல் என்று வைத்துக்கொண்டார். அவன் யாரிடமிருந்து எடுத்தான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவரே. திருடன் என்றாரே. திருடினது எதை? கைக்குட்டைக்கு அடியில் இருந்ததை. "பாய், இன்னொரு தரம் போடுங்க." மறுபடி பொரிந்தது. இந்தத் தரம் வழுக்கி ஏறும்போது அவருடைய வலது கை விரல்கள் வேட்டி மடிப்பில் தாமாகவே அழுந்தின, ஒன்றாம் கட்டை, ஒன்றும் மூன்றும் சேர்ந்து, பிறகு திறப்பு. விக்கல் வருமுன்பே அவர் மூச்சு விக்கியது. சற்குணம் மூர் மார்க்கெட்டிலிருந்து வந்து இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தானாமே. பத்துப் பதினைந்து வருடமாக அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறான். கொண்டுவந்து மூஞ்சியில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. நீயே கேள் என்று விட்டுவிட்டான். இவருக்கும் திமிர், அவனுக்கும் திமிர், நடுவில் முப்பது வருடம்.

பாய் கடை கடிகாரம் மூன்று அடித்தது. அற்புதராஜ் ரோட்டைக் கடந்து வந்தான். "மாஸ்டர், டைம் ஆச்சு. பொட்டி?" அவன் கண்ணில் என்ன இருக்கிறது என்று தேடினார். பழக்கம். ஒன்றும் இல்லை, கேள்வி மட்டும்தான் இருந்தது. "தொறக்கலாம்" என்றார். "விதி இருக்கே மாஸ்டர்." "விதி இருக்குது. அன்னைக்கு ஊதினது சற்குணம் இல்ல." "அப்ப யாரு?" தட்டு என்று சொல்லலாம். ஓட்டல்காரன் தட்டைப் போட்டு ஏமாற்றினான் என்று சொல்லலாம்; அதுவும் உண்மைதான், இந்தப் பையன்கள் கைதட்டக்கூடச் செய்வார்கள், முதலாளியின் சூழ்ச்சி என்று இன்னொரு பிரசுரம் எழுதலாம், தலைப்புக்கூட அதற்குள் மனசில் வந்துவிட்டது. அந்தத் தலைப்பு அவ்வளவு சுளுவாக வந்ததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சந்தேகப்பட்டது தன்னை.

"நான்" என்றார்.

அற்புதராஜ் பார்த்தான். விளக்கம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. பிறகு அவன் முகத்தில் அது மெல்ல ஏறியது, கண் சற்றே சுருங்கி, உதடு ஒட்டி, நெஞ்சு ஒரு அடி பின்வாங்கி. மாசிலாமணிக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக அதைப் பின்னாலிருந்தே பார்த்தவர், எதிரே நின்று பார்ப்பது இதுவே முதல் தடவை. "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அற்புதராஜ் ரோட்டைக் கடந்து போய் மற்றவர்களிடம் குனிந்து ஏதோ சொன்னான். பதினோரு தலைகள் திரும்பின. அவர் அசையவில்லை, தலையைத் தாழ்த்தவும் இல்லை. வாயை மூடிக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடின கையை வேட்டிமேல் அழுத்தி வைத்துக்கொண்டார். எதிரே, மைக்செட் கடை வாசலில், பன்னிரண்டு பெட்டிகளின் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபட்டன.